வரவில்லை என்று நான் சொன்ன டிராயிங்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்புக்கு உதிரி பாகம் கடையும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் ஆபீஸ் கிளார்க். இன்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் என் மேஜையில்தான். ஆறு மாத கோர்ஸ் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் காட்டிய பந்தா கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் வாடிக்கையாளரிடமிருந்து திருத்திய டிராயிங் மெயிலில் வந்தது. திறந்தால் படத்தைக் காணோம். 'பிகின்' என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை. அதன் கீழே பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து. ஏறக்குறைய எல்லா வரியும் ஆங்கில 'எம்' எழுத்தில் தொடங்கியது. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் என் கெத்து என்னாவது? மூடிவிட்டேன்.

லேத் ஓட்டும் பொன்னேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், புது டிராயிங் வந்துச்சா?"

"வரலண்ணே. பழசுலயே போட்டுடுங்க."

"அளவு மாத்தறேன்னாங்களே. ஒரு நாள் பாத்துட்டுப் போடலாமே?"

"அதான் வரலன்றேனே!"

போட்டார். துளை அளவு தப்பு என்று மொத்தமும் திரும்பி வந்தது. முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். "டிராயிங் வரல சார். நான் இவரை வெயிட் பண்ணத்தான் சொன்னேன்" என்றேன், வாய் கூசாமல். லேத்காரர் காண்ட்ராக்ட் ஆள். மறுநாளே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த டிராயிங்கும் அதே குப்பையாக வந்தபோது பயந்துபோய் போன் செய்தேன். அவர்களுடைய பழைய மெயில் புரோகிராம் படத்தை எழுத்தாக மாற்றித்தான் அனுப்புமாம். அதை அப்படியே ஒரு ஃபைலாகச் சேமித்து, ஜிப் ஃபைல் பிரிக்கிற புரோகிராமில் திறந்தால் போதுமாம். பழைய மெயிலையும் அப்படித் திறந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. புது அளவைச் சுற்றி வட்டமே போட்டிருந்தார்கள். அவமானத்தில் உடம்பே கூசியது. முதலாளியிடம் சொல்ல எழுந்தேன். எழுந்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து லோக்கல் ரயிலில் அந்த லேத்காரரைப் பார்த்தேன். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். பொன்னேரி வரும்போது எழுந்து நின்று கேட்டார்:

"சார், மெய்யாலுமே சொல்லு. அந்த டிராயிங் வரவே இல்லியா?"

அந்தப் பெட்டியில் எங்களைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"வரலண்ணே."

"அப்ப நீ இன்னா பண்ணுவே. மொதலாளிகிட்ட பயத்துல மாத்திச் சொல்லிட்டே. உடு நைனா."

தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் மன்னித்தது பாதியைத்தான். மீதி அவருக்குத் தெரியாது.