பனியாறு பார்க்கப் போகும் இடத்தில் என்ன கூட்டம்?

தயவுசெய்து இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் காட்டிவிடாதீர்கள். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

பள்ளியில் ஏற்காடு கூட்டிப்போனபோதே என்னை விடாத அப்பா, பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஐஸ்லாந்து போகலாம் என்கிறார். காரிலேயே தீவைச் சுற்றி எரிமலையும் பனியாறும் பார்ப்பதாம்.

"ரூட்டு நீயே போடு சாமி" என்றார்.

நானும் நம்பி, கருப்பு மணல் கடற்கரை, எரிமலைக் குழம்பு உறைந்த வெளி, பனியாறு என்று எட்டு நாளுக்குப் போட்டு, இன்று சாயங்காலம் காட்டினேன்.

அப்பா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இதுல அந்தத் தம்பி ஊடு எங்க வருது? மொதல்ல அங்க போயிரலாம்."

"எந்தத் தம்பிங்கப்பா?"

"அங்க வேலை பாக்குறாப்ல. ராசிபுரத்துப் பையன். வண்டி அவருதான் ஓட்டுவாரு."

சரி, டிரைவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மா அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஏனுங்க, என்ன கூட்டமுங்க?" என்று கேட்டார். பனியாறு பார்க்க ஜனம் நிறைய வருமா என்று கேட்கிறார் போல என்றிருந்தேன்.

போனை வைத்ததும் அப்பாவிடம், "வேற கூட்டந்தானுங்க. பொண்ணு குடுக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்க மாட்டார்கள். கல்யாணம் பேசும்போதுதான் விசாரிப்பார்கள்.

எனக்கு வயது பதினேழு. அக்காவும் கிடையாது.

நாளைக்குப் பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பட்டுச்சேலை கட்ட வேண்டுமாம். உங்களில் யாராவது பாஸ்போர்ட்டுக்குப் பட்டு கட்டியிருக்கிறீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், நான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா