எதிர்க்கடையில் ஏன் அவ்வளவு கூட்டம்?

ஆம்பூரில் பொம்மை, பெயிண்ட், கைவேலைப் பொருட்கள் விற்கும் சின்னக் கடை என்னுடையது. எதிரே ஷபானாவின் கடை. அங்கே ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வரும் ஆட்களாகவே பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். ஞாயிறானால் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த ஆட்டத்தின் கதையும் விதிகளும் அடங்கிய புத்தகங்களை அவள் விற்றாள்; அதையே நான் அவளைவிடக் கம்மி விலைக்கு வைத்தேன். ஒன்றுகூட நகரவில்லை. இன்னும் நிறைய ரகம் இறக்கலாமென்று வளையலை அடகு வைக்கக் கிளம்பியபோது, பசை வாங்க வந்த அவள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார்: "ஒரு புக்கு இருந்தா ஆறு பேர் வருஷம் முழுக்க ஆடலாம்க்கா. இன்னொண்ணு எதுக்கு?"

திடுக்கிட்டு நேராக ஷபானாவிடமே போனேன். "ஆறு பேருக்கு ஒரு புக்கு போதும்னா, அப்புறம் உனக்கு எப்படிடி கட்டுப்படியாகுது?"

"புக்குல இன்னா லாபம்? உக்கார்றவங்க மேஜைக்கு வாடகை தர்றாங்க, டீ, சமோசா வாங்குறாங்க. அதுலதான் கடை ஓடுது."

அடகுக்கடைக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் சரக்கு எடுக்குமுன், இதை வாங்கினவர் மறுபடி எதற்கு வருவார் என்று யோசிக்கிறேன். சனிக்கிழமைகளில், வருகிறவர்கள் வாடகை தந்து உட்கார்ந்து பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்க மேஜை போடுகிறேன். போன வாரம் ஷபானா எட்டிப் பார்த்து, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கே" என்றாள். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.