டீச்சர் மகளின் சுறா

தூண்டில் கயிற்றை இழுத்து இழுத்து அவளுடைய உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. என் அப்பா அந்தக் கையைத் தன் கைக்குள் வாங்கித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உவரிக் கடற்கரையில் ஒரு மே மாதக் காலை. அவளுக்கும் எனக்கும் பதின்மூன்று வயது. பாளையங்கோட்டையில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சரின் மகள் அவள். அப்படியொரு கோடு என் கையில் இல்லையே என்று அன்று வயிறெரிந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வயிறெரிந்தது மட்டும் பொய்யில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விடுதியில் தங்கிப் படித்தேன். வகுப்பில் முதல் இடம் எப்போதும் எனக்குத்தான். டீச்சர் மகள் ஐந்தாவதோ ஆறாவதோ வருவாள். அந்தப் பெருமையோடுதான் விடுமுறைக்கு ஊர் வருவேன். இரண்டு நாள் கழித்து டீச்சர் குடும்பம் வந்து இறங்கும். அப்பா அவர்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு சுறா பிடிக்கப் போவார். வெகுதூரம் இல்லை, கரையில் நிற்பவர்களின் சேலை நிறம் தெரிகிற தூரம்தான். கோடையில் குட்டிச் சுறாக்கள் அங்கே இரை தேடி வரும். டீச்சர், அவருடைய வீட்டுக்காரர், மகள் மூவரும் ஏறுவார்கள். நான் கரையில் நிற்பேன். எங்கள் தெருப் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் கேட்டேன்.

"பொம்பள ஏறுனா கடல் கோவிச்சுக்கிடும் ட்டி."

"அப்போ அவ ஆம்பளையா?"

"அவ டீச்சர் மவ. கடலுக்கு ஆள் தெரியும்" என்றாள் அம்மா, மீன் செதிலைச் சுரண்டியபடி.

கடலுக்கு ஆள் தெரியுமாம்! அவர்களுக்குத் தூண்டில் கட்டிக் கொடுப்பது யார்? நான்தான். சாளை மீனை நறுக்கித் தூண்டில் முள்ளில் குத்துவதும் நான்தான். சுறாத் தூண்டிலில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி இருக்க வேண்டும். நைலான் கயிற்றை நேரே முள்ளில் கட்டினால் சுறாவின் பல் பட்டதும் அறுந்துவிடும். எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அடுத்த நாள் டீச்சர் மகளின் தூண்டிலில் நான் கம்பி வைக்கவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றே. நான் கட்டியதை அப்பா ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

கரையில் நின்று பார்த்தேன். வள்ளத்தில் அவள் எழுந்து நின்றாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்று அவள் கைகளோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்தார். கொஞ்ச நேரம் இழுத்தார்கள். திடீரென்று இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். அவளோ தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஏ, எம்புட்டுப் பெருசு தெரியுமா! என்னையே உள்ள இழுத்துட்டுப் போயிருக்கும்!" இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவை போதவில்லை அவளுக்கு.

அவளுடைய அப்பா, "எப்படி அண்ணாச்சி அறுந்துது?" என்று கேட்டார்.

அறுந்த நுனி அப்பாவின் விரல்களுக்கிடையில் இருந்தது. என்னை ஒரேயொரு முறை பார்த்தார். "கம்பியவே கடிச்சுட்டுப் போயிட்டு சார். இப்பிடி ஒரு சுறாவ நான் பார்த்ததில்ல."

என்னைக் காப்பாற்ற அப்பா சொன்ன பொய் அது. ஆனால் அந்தப் பொய்யால் உவரிக் கடலிலேயே பெரிய சுறா டீச்சர் மகளுக்குச் சொந்தமானது. வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டவில்லை. தூண்டில் பெட்டியைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு, "நீ போய்ப் படி ட்டி" என்றார். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் அதை என் கையில் தரவில்லை. நான் படித்தேன். பாதி ஆசையில், பாதி ஆத்திரத்தில். இன்று பாளையங்கோட்டையில் நானும் கணக்கு எடுக்கிறேன்.

இந்த மே மாதம் அவள் தன் ஆறு வயது மகளோடு உவரிக்கு வந்தாள். அவள் சொல்லும் கதையில் அந்தச் சுறா இப்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அப்பாவும் சளைக்காமல் தலையாட்டினார். அவர்கள் வள்ளத்துக்குக் கிளம்பும்போது, "நானும் வாரேன்ப்பா" என்றேன். இத்தனை வருடத்தில் அப்பாவிடம் நேரே கேட்டது அதுதான் முதல் முறை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கரை முழுவதும் கேட்கும்படி, "வாங்க டீச்சர், பைய ஏறுங்க" என்றார்.

பெரியவர்களில் ஒருவர், "டீச்சரம்மாவுக்கு நீச்சல் தெரியுமாவே?" என்று சிரித்துவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்தார். அவ்வளவுதான். கடல் கோபித்துக்கொள்ளவில்லை.

விருந்தாளிகள் உட்காரும் நடுப்பலகையில் அப்பா என்னை உட்காரவைத்தார். நங்கூரம் போட்டதும் அந்தச் சிறுமியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அவள் கையில் கயிற்றைக் கொடுத்தார். "ஏட்டி, ஆடாம நில்லு" என்று அதட்டினார். நான் எழுந்து பக்கத்தில் போய்க் கயிற்றுக்குக் கையை நீட்டினேன்.

"தண்ணி தெறிக்கும். சேல நனைஞ்சிரும், உக்காருங்க டீச்சர்" என்றார் அப்பா, திரும்பாமலே. கரையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று இப்போது அவர் சொல்லவில்லை. அத்தனை தூரம் குரல் போகாது.

நான் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளையை அவர் மறுபடியும் 'ஏட்டி' என்று அதட்டினார்.