வடாம் வரிசை

அந்தக் கோடையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் பதினெட்டுத் தொட்டிகளில் தட்டைப்பயறு வளர்த்தேன். எனக்காக அல்ல, அசுவினிக்காக. இளந்தண்டிலும் பிஞ்சிலும் கருப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி அது. பயிருக்குத் தண்ணீர் குறைந்தால் அது பெருகுமா, குறையுமா என்பதுதான் என் முதுநிலை ஆய்வு. மே மாதக் கடைசிக்குள் விடை கிடைக்காவிட்டால் இன்னொரு செமஸ்டர். ஜூனில் எனக்காகக் காத்திருந்த வேலையும் போய்விடும்.

கல்லூரியின் நிழல்வலைக் கூடத்தில் இடமில்லை. ஸ்ரீரங்கத்தில் நான் வாடகைக்கு இருந்த கட்டடத்திலோ மாடி காலியாக இருந்தது. வெயிலுக்குக் குறைவில்லை, மழை வரும் பயமும் இல்லை. முதல் வரிசைக்குத் தாராளமாகத் தண்ணீர். மற்ற இரண்டு வரிசைகளுக்கும் உயிரைப் பிடித்து வைக்க மட்டும் தினம் அரை டம்ளர். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் வாங்கிய கொசுவலையைத் தைத்து ஒவ்வொரு செடிக்கும் சட்டை போட்டேன். தூரிகையால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் அசுவினியை ஏற்றினேன். தினமும் காலையில் தொட்டிகளை எடை பார்த்தேன். மண்ணில் எவ்வளவு ஈரம் என்பதை எடை சொல்லிவிடும்.

சொல்லியது. மூன்றாவது வரிசை மட்டும் சில காலைகளில் எடை கூடியிருந்தது.

காய்கிற தொட்டி கனக்காது. காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று, தராசு பழுது. இரண்டு, தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் படிக்கிறேன். மூன்று, தொட்டிகள் இடம் மாறிவிட்டன. நான்காவது தோன்றவில்லை. தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தில்லை நகருக்கு ஆட்டோவில் போனேன். கடைக்காரர் எடைக்கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"தராசு நல்லாத்தாங்க இருக்கு. நீங்கதான் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

எண்ணிப் பார்க்கும் நாள் வந்தது. இரண்டாவது வரிசையில் அசுவினி ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. மூன்றாவதில் தண்டே தெரியவில்லை. முதல் வரிசையையும் தோற்கடித்த கூட்டம். இரண்டுக்கும் ஒரே அரை டம்ளர், ஒரே வெயில், ஒரே நான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரை சுட்டதால் உடனே எழுந்தும்விட்டேன்.

அப்போதுதான் இரண்டாம் மாடி மாமி ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்தபடி படியேறி வந்தார்.

"ஏண்டிம்மா, உன் செடியில என்ன சர்க்கரையா காய்க்கறது? என் வடாம் பூரா எறும்பு!"

"மன்னிச்சுக்கோங்க மாமி. அசுவினி தேன் மாதிரி ஒண்ணு சொட்டும். அதுக்குத்தான் எறும்பு வருது."

"வரட்டுமே, அதுக்கு என் வடாம்தானா ஆப்பட்டுது? வாடி நிக்கறதேன்னு பாவம் பார்த்துத் தீர்த்தம் விட்டவளுக்கு இதுவா மரியாதை?"

என் காதில் எறும்பு ஊர்வது போலிருந்தது. "எப்ப மாமி விட்டீங்க?"

"வடாம் போடற அன்னிக்கெல்லாம்தான். காக்கா ஓட்ட இங்க உட்கார்ந்தா, எதிர்ல இதுகள் மூஞ்சி. நீ என்னடான்னா இருமல் மருந்து மாதிரி அரை டம்ளர் விடறே. பார்த்துண்டு எப்படி உட்கார்றது?"

"தினமுமா?"

"கூழ் கிளறித் தோள் விட்டுப் போறது, தினம் யார் போடுவா? ரெண்டு நாள், மூணு நாளைக்கு ஒருதரம்."

"அப்ப ரெண்டாவது வரிசைக்கு விடலையா?"

"அது தள்ளியிருக்கே. எனக்கு முட்டி வலி."

சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமிக்குப் பயம் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கோ எல்லாம் தலைக்குள் சரசரவென்று அடுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்த செடியின் சாற்றில் பூச்சிக்கு வேண்டிய சத்து கூடுகிறது. ஆனால் மேல்தொட்டி காலியான குழாய் போல, சாற்றுக்கு ஓடிவர அழுத்தமில்லை. எதிரில் விருந்திருந்தும் அசுவினி பட்டினி. இடையிடையே தண்ணீர் கிடைத்தால் அழுத்தம் திரும்புகிறது, சத்தும் முழுக்கப் போய்விடுவதில்லை. பிறகென்ன, பந்திதான். இடைவிட்ட வறட்சியைப் பற்றி இப்படி ஒரு கருத்து உண்டு என்று படித்திருக்கிறேன். அது முட்டி வலியால் என் மாடியில் நடக்கும் என்று படித்ததில்லை.

வழிகாட்டி மேடத்துக்குப் போன் செய்து மூச்சு விடாமல் கொட்டினேன்.

"முதல்ல தண்ணி குடிம்மா," என்றார். "ஒரு தடவை தானா வந்ததை வச்சு எழுத முடியாது. திரும்ப வளர்த்துக் காட்டு. வரிசையா வைக்காதே, கலந்து வை. அந்த மாமியை விட்டுடாதே."

நாட்களைக் கணக்குப் போட்டேன். விதைத்து, வளர்த்து, பூச்சி ஏற்றி, எண்ணி முடிக்க மே கடைசி வாரம் ஆகும். ஒரு நாள்கூட மிச்சமில்லை. மாமியிடம் நிலைமையைச் சொன்னேன். சிவப்பு நாடா கட்டிய தொட்டிக்கு மட்டும், நான் சொன்ன நாளில் மட்டும், அளந்த தண்ணீர். மற்றதைத் தொடவே கூடாது.

"உன் வேலைக்காகச் செய்யறேன். இல்லேன்னா இந்தப் பாவத்துக்கு நான் ஆளில்லை," என்றார். அதன்பின் காக்கை ஓட்டும்போது காய்ந்த தொட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு முறை காக்கை வடாமைத் தூக்கிப் போனது. அதையும் என் கணக்கில் சேர்த்தார்.

இரண்டாம் முறை எண்ணும் காலை வந்தது. முதல் சிவப்பு நாடாத் தொட்டியின் வலையைத் தூக்கினேன். தண்டு தெரியவில்லை. இரண்டாவதிலும் தெரியவில்லை. கடைசித் தொட்டியை எண்ணி முடித்தபோது எனக்கு நிற்கத் தெரியவில்லை, குதிக்கத்தான் தெரிந்தது. "நிறைய இருக்கு மேடம்! நாடா கட்டினது எல்லாத்துலயும்!" என்று போனில் கத்தினேன்.

"சரி, கத்தாதே. எழுத ஆரம்பி, தேதிக்குள்ள கொடுத்துடலாம். காஞ்ச செடியில தண்ணி படறதுக்கு முன்னாடி சோதனைக்கு இலை வெட்டியாச்சா?"

திரும்பினேன். மாமி ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு காய்ந்த தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். குடம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது.

"மாமி, இலை இன்னும் வெட்டலை!"

"எண்ணி முடிச்சாச்சுன்னு நீதானே கத்தினே?" என்றார் மாமி, அடுத்த தொட்டிக்கு நகர்ந்தபடி.

கத்தரிக்கோலோடு ஓடினேன். மூன்று தொட்டிகளை அவரிடமிருந்து காப்பாற்றினேன். அந்த மூன்றே போதும் என்று மேடம் சொல்லிவிட்டார்.