நாலாம் நம்பர் ஜெர்சி

1. முதல் நாள்

என்னை வேலைக்கு எடுத்த அன்று கேட்ட ஒரே கேள்வி, "வேகமாகச் செய்வீர்களா?" என்பதுதான். செய்வேன் என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அதற்கு முன் புதுச்சேரியில் ஒரு நோட்டரி ஆபீசில் இருபத்திரண்டு வருடம் பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்களின் கடிதத்தில் முதல் ஒன்றரைப் பக்கம் மரியாதையும் பீடிகையுமாக ஓடும். விஷயம் கடைசிப் பத்தியில் இருக்கும். எதிரே நிற்பவருக்கு வேண்டியதும் அந்தக் கடைசிப் பத்திதான். அதனால் மேலே உள்ளதைக் கண்ணால் மேய்ந்துவிட்டுக் கீழே உள்ளதை மட்டும் சொல்வேன். இதற்கு எங்கள் ஆபீசில் 'சாரம் எடுப்பது' என்று பெயர். மற்றவர்கள் நாலு கடிதம் முடிப்பதற்குள் நான் பத்து முடிப்பேன்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததே, அதற்கு அடுத்த மாதம் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் மரக்காணத்தில் உரக்கடை ஒன்றின் மாடியில் ஆபீஸ் போட்டது. எனக்கு வீடு பொம்மையார்பாளையம். காலையில் பஸ் ஏறினால் ஒன்பதரைக்கு ஆபீஸ். மேலாளர் ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிப் பழக்கத்தில் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் தெரியாது, ஊருக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நான் ஒருத்திதான்.

2. "என் தம்பிங்க"

ஒருநாள் முசியே உப்பளப் பக்கம் போக வேண்டும் என்றார். அங்கே ஏழுமலை என்பவரைப் பார்த்தோம். நாற்பது வயது இருக்கும். உப்பளக் கூலி. மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும், மூன்று மாதம் வேலை இருக்காது. அந்த மூன்று மாதமும் உப்பளத்து ஆட்கள் ஏரிக்கரைத் திடலில் ஃபுட்பால் ஆடுவார்கள். வெறுங்காலில்தான். அந்த டீமைச் சேர்த்து நடத்தியவர் ஏழுமலை.

ஃபுட்பால் என்றதும் முசியேவின் முகம் மலர்ந்துவிட்டது. டீமில் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னார்.

"பதினாறு பேர் இருந்தோங்க. இப்ப பதினஞ்சு."

"ஒருத்தர் எங்கே?"

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. மீன் வாங்கிக்கிட்டு வர்றேன்னு கடலோரம் போனான். என் தம்பிங்க." பிறகு, "பேக் ஆடுவான். அவனத் தாண்டிப் பந்து வராது" என்றார்.

நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். முசியே நோட்டில் குறித்துக்கொண்டார். தன் ஊர்க் கிளப்புக்கு எழுதப் போவதாக ஜீப்பில் வரும்போது சொன்னார். அது பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கேயும் உப்பளம் உண்டாம். கிளப் இரண்டாவது டிவிஷனில் ஆடும் ப்ரொஃபெஷனல் கிளப். சொன்னபடி எழுதியும் போட்டார். பதில் வருவதற்குள் அவருடைய காலம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். அடுத்து வந்த மேனேஜர் சென்னைக்காரர். அவருக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது.

3. மூட்டையும் கடிதமும்

2005 ஐப்பசியில் அந்தக் கிளப்பிலிருந்து ஜெர்சி மூட்டை வந்தது. கூடவே மூன்று பக்கக் கடிதம். முதல் பக்கம் முழுக்கக் கிளப்பின் வரலாறு. துறைமுகக் கூலிகளும் உப்பளத்து ஆட்களும் சேர்ந்து ஆரம்பித்தது, முதல் டிவிஷனுக்கு இரண்டு தடவை ஏறியது, இரண்டு தடவையும் இறங்கியது, எந்தத் தலைவர் காலத்தில் மைதானத்துக்குக் கூரை போட்டார்கள் என்பதெல்லாம். இரண்டாம் பக்கம் அந்த வருடத்து ஸ்குவாட். நம்பர், பெயர், எந்த இடத்து ஆட்டக்காரர் என்று வரிசையாக. கீழே ஏதோ குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் வாழ்த்தும் கையெழுத்துகளும்.

அன்று என் மேஜையில் வீடு கட்டும் ஃபைல்கள் முப்பதுக்கு மேல் கிடந்தன. அந்த ஊர் ஆட்டக்காரன் பெயர் நம்ம ஊர் ஆளுக்கு எதற்கு என்று நினைத்தேன். சாரம் எடுத்தேன். "எங்கள் கிளப் உங்கள் அணிக்கு அன்புடன் ஒரு முழு செட் ஜெர்சி அனுப்புகிறது. நன்றாக விளையாடுங்கள்." அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. கடிதத்தை ஃபைலில் போட்டுவிட்டு, தமிழ்த் தாளை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூட்டையை ஏழுமலையிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் பிரிப்பதாக ஏற்பாடு. அதுவரை மூன்று நாள் அது அவர் வீட்டில் இருந்தது.

4. திடலில்

ஞாயிறு காலை திடலில் நூறு பேராவது இருந்தார்கள். டீமுக்கு வேண்டியதைச் செய்துவந்த உப்பளத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் நாகப்பன் தலைமை. நல்ல மனுஷர், குரல்தான் பெரிசு. ஏழுமலை மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நீல ஜெர்சி, நெஞ்சில் கிளப் பேட்ஜ். ஒன்று, இரண்டு, மூன்று என்று கைதட்டல். மூன்றுக்கு அப்புறம் ஐந்து வந்தது. கடைசியாகப் பதினாறும் வந்துவிட்டது. நாலைக் காணோம்.

மூட்டையை உதறிப் பார்த்தார்கள். நாகப்பன் என்னைப் பார்த்தார்.

"மேடம், லெட்டர்ல எத்தினின்னு போட்டிருக்குது?"

நான் கைப்பையிலிருந்து என் தாளை எடுத்து, கணீரென்று படித்தேன். "ஒரு முழு செட்."

கடிதம் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. ஆட்டோவில் போய் எடுத்துவர அரைமணி நேரம்கூட ஆகாது. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் எழுதியதில் தப்பு இருக்கும் என்று நினைக்கும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

"மூட்டை கட்டுனது கட்டுனபடியே இருந்திச்சிங்க. நான் எடுக்கல" என்றார் ஏழுமலை.

நாகப்பன் அவர் தோளில் கை போட்டார். அடித்திருந்தால்கூட ஏழுமலைக்கு அவ்வளவு வலித்திருக்காது. "ஏம்பா ஏழுமல, தம்பி போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டலாம்னு ஒண்ணு எடுத்து வச்சிருந்தா சொல்லிடுப்பா. அவனும் பேக் ஆடுனவன்தான, நாலு பேக்கோட நம்பர்தான். யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

ஏழுமலை எல்லார் முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "எடுக்கலைங்க" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் என் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

5. அவர் கொண்டுவந்த ஜெர்சி

இரண்டு வாரம் ஊரே அதைத்தான் பேசியது. டீக்கடையில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு. "துக்கத்துல எடுத்திருப்பான் பாவம்" என்றார்கள். அந்தப் 'பாவம்' அவரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது. அவருடைய அம்மாவே, "எங்கடா வச்சிருக்கிற, ஒரு தபா காட்டுடா" என்று பரண் வரைக்கும் தேடிப் பார்த்தாராம்.

மூன்றாவது ஞாயிறு ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் கவரோடு திடலுக்கு வந்தார். உள்ளே நீல ஜெர்சி, முதுகில் நாலு. புதுச்சேரியில் வாங்கி நம்பர் அடித்துக்கொண்டு வந்தது. நீலம் ஒரு மாற்றுக் குறைவு, நெஞ்சில் பேட்ஜும் இல்லை. "செட்டு முழுசாயிடிச்சி. இத்தோட உட்டுடுங்க" என்று நாகப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பேச்சு நின்றுவிடும் என்று நினைத்திருப்பார். கூடிப்போனதுதான் மிச்சம். "நெஜ ஜெர்சிய வித்துட்டான் போலிருக்குது. இல்லன்னா எதுக்கு வேற வாங்கித் தர்றான்?" எடுக்காதவன் ஏன் திருப்பித் தர வேண்டும் என்று நானும் ஆபீசில் சொன்னேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

நாலாம் நம்பரைக் குமார் என்ற புது ஆளுக்குக் கொடுத்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவர்தான் பேக் ஆடினார். ஏழுமலை அதன்பிறகு திடல் பக்கம் வரவில்லை.

6. ஒரு வரி விடாமல்

2006 மே மாதம் ஆபீசை மூடினார்கள். பிரெஞ்சில் இருந்த எல்லாக் காகிதத்தையும் ஒரு வரி விடாமல் தமிழில் டைப் செய்து ஃபைலில் வைக்கச் சொன்னார் மேனேஜர். இதெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கிளப் கடிதத்தை எடுத்தேன். முதல் பக்கம் முடிந்தது. ஸ்குவாட் பட்டியலில் மூன்றாம் நம்பர் ஆட்டக்காரரை டைப் செய்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தேன். நாலுக்கு எதிரே பெயர் இல்லை, ஒரு கோடு. கீழே அந்தக் குறிப்பு:

'எங்கள் அணியில் நாலாம் எண் கிடையாது. அதை அணிந்தவர் ரெனே, தடுப்பாட்டக்காரர், உப்பளத் தொழிலாளியின் மகன். புயலில் கரைக்கு வராத படகைத் தேடிக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த எண்ணை நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. உங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவரையும் கடல் கொண்டுபோனது என்று அறிந்தோம். ஆகவே உங்களுக்கு அனுப்பும் ஜெர்சிகளிலும் நாலாம் எண்ணை வைக்கவில்லை. அந்த இடம் அவருடையதாகவே இருக்கட்டும்.'

அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படித்தேன். அழுதேன் என்று சொல்வதைவிட, வெட்கத்தில் செத்தேன் என்பதுதான் சரி.

நேரே ஏழுமலையிடம் போக எனக்குத் துணிச்சல் இல்லை. முதலில் நாகப்பனிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அந்தப் பெரிய குரல்காரர் குமார் வீட்டுக்குப் போய் ஜெர்சியை வாங்கிக்கொண்டு வந்து, "வாங்க மேடம்" என்றார்.

7. வரப்பில்

அது உப்பு வாரும் காலம். வெயிலில் பாத்திகள் கண் கூசின. ஏழுமலை உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். திருடன் என்று சொன்னவர்களிடமும் அவர் அந்த மரியாதையைக் குறைக்கவில்லை.

நான் கடிதத்தைப் படித்தேன். பீடிகையிலிருந்து கையெழுத்து வரைக்கும் எல்லாவற்றையும் படித்தேன். தப்பு முழுவதும் என்னுடையது என்றும் சொன்னேன். நாகப்பன் ஜெர்சியை நீட்டி, "ஏழுமல, எங்கள மன்னிச்சிடுப்பா. இத நீயே வச்சிக்க. தம்பி போட்டோவுக்குப் போடு" என்றார்.

ஏழுமலை அதைத் தொடவில்லை. "அது நான் கடையில வாங்குனதுங்க. அதுக்கும் அவனுக்கும் என்னா சம்மந்தம்?" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "மேடம், அவனுக்குன்னு அவங்க உட்டு வச்ச எடத்த, நானே காசு குடுத்து இன்னொருத்தனுக்கு வாங்கிக் குடுத்துட்டனா?"

நாகப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏழுமலை கடிதத்தைக் காட்டி, "அந்த ஊர்க்காரன் பேரு என்னா சொன்னீங்க?" என்றார்.

"ரெனே."

"ரெனே" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவனுக்கு அண்ணன் யாராவது இருந்தாங்களா? போட்டிருக்குதா அதுல?"

மூன்று பக்கத்தையும் வரப்பில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அவசரப்படவில்லை. அவரும் பக்கத்தில் குத்தவைத்து, படிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தை என் விரல் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"போடலை, ஏழுமலை" என்றேன்.

"இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் பாத்தியில் இறங்கினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வேகத்துக்கு வழி கேட்கிறார்கள். கடிதத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கிற உரிமை அது யாருக்கு வந்ததோ அவருக்குத்தான் உண்டு, நமக்குக் கிடையாது என்று சொல்கிறேன். டீமில் நாலாம் நம்பரை அன்றோடு எடுத்துவிட்டார்கள். ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட நாகப்பன் மூன்று தடவை வீட்டுக்குப் போனார். அவர் வரவில்லை.