கூட்டுப் பட்டாவில் இரண்டு பெயர்

தலைச்சோலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. அப்பா இறந்த பிறகு அதன் பட்டா அக்கா பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக மாறியது. தோட்டத்தில் பாடுபட்டதெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும்தான். அக்கா மஞ்சக்குட்டையில் வாழ்க்கைப்பட்டவள்.

அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் அவள் எட்டிப் பார்க்கவில்லை. காரியம் முடிந்த அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நான் அதைக் கேட்டுவிட்டேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் பேச்சில்லை.

ஆறாம் வருடம் பூ மழை சரியாக இறங்கவில்லை. மாசி, பங்குனியில் அந்த மழை விழுந்தால்தான் காப்பி பூக்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. செடிக்குத் தெளிக்கத்தான் வழியில்லை. தெளிப்பு நீர்க் குழாய்க்கு அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் காகிதங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"கூட்டுப் பட்டாவா இருக்குதுங்களே. உங்க அக்கா சம்மதக் கையெழுத்துப் போட்டாத்தானுங்க மனு எடுக்க முடியும்."

விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. செடிகள் வாடுவதைப் பார்க்க முடியாமல்தான் கடைசியில் மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஏறினேன்.

அக்கா வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"நல்லா இருக்கறீங்களாக்கா? ஒரு கையெழுத்து வேணுமுங்க," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கண்ணு, வாங்க போங்கன்னு பேசறே? நான் என்ன ஆபீசரா?"

அந்த "கண்ணு" காதில் விழுந்ததும் எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவள் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். விண்ணப்பத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"கொழாய் எங்கெங்க போகுதுன்னு பாக்காம எப்படிப் போடறது? நாளைக்கு வர்றேன்."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். கயிற்றின் ஒரு முனையை அவளும் மறு முனையை நானும் பிடித்துத் தோட்டம் முழுக்க அளந்தோம். மேல் சரிவில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"கர்ப்பப்பை எடுத்ததுலேர்ந்து மேடு ஏறினா இப்படித்தான்."

"எப்ப எடுத்தே?"

அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அப்பா படுத்திருந்தப்பதான். சேலத்து ஆஸ்பத்திரியில நொம்ப நாள் கெடந்தேன். தெரிஞ்சா அப்பா தாங்க மாட்டாருன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டேன். அத்தனை பேருக்கு முன்னால நீ கேட்டப்ப வாய் வரலை சாமி. அப்புறம் நாள் ஓடிப்போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். "தப்புப் பண்ணிட்டேன்க்கா," என்று மட்டும் சொல்ல முடிந்தது. வியர்த்த கையால் அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று மதியம் வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்தைச் சுழித்துவிட்டு, "சரியா இருக்குதா?" என்று கேட்டாள்.

மனு மேலே போய்த் திரும்பி வர மாதங்கள் ஆயின. அந்த வருடப் பூவுக்குக் குழாய் உதவவில்லை. அடுத்த மாசியில்தான் ஆட்கள் வந்து பதித்தார்கள். வால்வைத் திறக்கும் அன்று அக்காவும் வந்திருந்தாள். தண்ணீர் சுழன்று வந்து எங்கள் இருவரையும் நனைத்தது. ஒதுங்கத் தோன்றாமல் அப்படியே நின்றிருந்தோம்.