அவர் ஒளித்துவைத்த டப்பா

ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியில் அந்த எண்களை ஏற்றிக்கொண்டு தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தால் பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். மண்ணூர்பேட்டையில் வாரம் முழுக்க லேத் மிஷினில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு இது தேவையா என்று என் கணவரைக் கேட்டேன். கூட வேலை செய்கிறவரிடம் பழைய கருவி ஒன்றை அவர் வாங்கி வந்திருந்தார்.

"கையில போன் இருக்கே, இந்த செங்கல் எதுக்கு?"

"போன்னா யாராச்சும் கூப்ட்டுகினே இருப்பாங்க. இதுல ஒருத்தனும் கூப்ட மாட்டான்."

முதல் டப்பா அம்பத்தூர் ஏரிக்கரையில். அவர் திரையைப் பார்த்தபடி நடக்க, அவர் சாணியில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பக்கத்தில் போனதும் திரையில் திசை காட்டும் முள் இப்படியும் அப்படியும் ஆடும். அதற்குமேல் கண்ணைத்தான் நம்ப வேண்டும். எனவே டப்பாவைப் பார்த்தது நான்தான். கம்பத்துக்குப் பின்னால் இருந்த மாத்திரை டப்பா அது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நான் விடுவேனா? வீடு வரைக்கும் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்விட்டு வந்தார். சட்டையெல்லாம் மண். எனக்கு வாட்ஸ்அப்பில் வெறும் எண்கள் வந்தன. நூம்பல் பக்கம் ஒரு டப்பா வைத்திருப்பதாகச் சொன்னார். "முதல்ல நீ கண்டுபிடி. அப்பறம்தான் ஊருக்குச் சொல்வேன்." என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எவ்வளவு குடைந்தும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள்மேல் கோபம், லேத் மிஷின்மேல் கோபம், சொல்லாமல் போன மனிதர்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். தை பிறந்தபிறகுதான் பீரோவைத் திறந்து கருவியை எடுத்தேன். புது பேட்டரி போட்டதும் உயிர் வந்தது. இந்தச் சனியனுக்கு வருகிறதே என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவர் எனக்கென்று கடைசியாகச் செய்த காரியம் அந்த டப்பா. எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

எண்களை நானே ஏற்றிக்கொண்டு போனேன். முள் என்னை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில் முன்னால் நிறுத்தியது. மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இன்னாம்மா, செவுத்தயே பாத்துகினு கீற? கரண்ட் ரீடிங்கா?" என்றார் வாட்ச்மேன்.

"ஒரு டப்பா தேடுறேன்" என்றேன். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ஏரிக்கரை டப்பாவுக்கு அவர் எப்படிப் போட்டிருந்தார் என்று கருவியில் தேடிப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. அந்த எண்களில் பாகைக்கு அடுத்தது நிமிடம்; புள்ளிக்குப் பின்னால் வருவது அந்த நிமிடத்தின் பின்னம். நான் அதை விநாடி என்று நினைத்துப் போட்டிருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு என்று பிறகு தெரிந்தது. அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றிருக்கிறேன்.

அடுத்த நாள் முள் சரியாக ஒரு வேப்பமரத்தைக் காட்டியது. வேருக்கு நடுவில் பெரிய பொந்து. கையைவிட்டுத் துழாவினேன். மண்தான் வந்தது. மரத்தடியில் ஓர் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தார். இங்கே ஒரு டப்பா இருந்ததா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அதயா கேக்குற? ஐப்பசி மழையில கல்லு சரிஞ்சு வெளிய வந்துச்சும்மா. தொறந்து பாத்தா ஒரு வளையலு, கொண்டை ஊசி, பழைய தாலிக்கயிறு. எவனோ எந்தப் பொம்பளைக்கோ செய்வினை வெச்சிகீறான்."

கயிறு என்னுடையது. ஆடிப்பெருக்கன்று புதுக்கயிறு மாற்றிக்கொண்டு, பழையதைத் தண்ணீரில் விட்டுவிட்டு வரச் சொல்லி அவரிடம்தான் கொடுத்தேன். விட்டாயிற்று என்று பொய் சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டில் மற்றவர்கள் டப்பாவுக்குள் சாவிக்கொத்து, பொம்மை என்று எதையாவது போட்டுவைப்பார்கள். இவருக்குப் பொக்கிஷமாகத் தெரிந்தது என் கொண்டை ஊசியும் நான் கழற்றிக் கொடுத்த கயிறும். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அப்பறம் என்ன செஞ்சீங்க?"

"தெருப் பொம்பளைங்க எல்லாம் சேந்து கற்பூரம் ஏத்தி டப்பாவக் கொளுத்திட்டோம். கயித்தக் கொளுத்த மட்டும் மனசு வர்ல. மஞ்சத் தடவி தண்ணியில உட்டோம். யாரு பெத்த பொண்ணோ, அவ தாலி கெட்டியா நிக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினோம்."

அந்த ஐப்பசியில் என் கணவர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத பெண்கள் கூடி நின்று, இல்லாமல் போய்விட்ட என் தாலிக்காக வேண்டியிருக்கிறார்கள்.

"அதெல்லாம் அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருப்பா, இல்லம்மா?" என்று கேட்டார்.

புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன்.

"நல்லா இருப்பாம்மா" என்றேன்.